நடுக்கடலில் யார் காவல்? திமிங்கலங்களுக்கான கடல் போராட்டம்: ஓர் எளிய விளக்கம்

திமிங்கல வேட்டையைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று விதமான பதில்கள் காதில் விழும். "அதைத்தான் எப்பவோ தடை செஞ்சாச்சே, இன்னும் எதுக்குப் போராட்டம்?" என்பது ஒன்று. சின்ன ரப்பர் படகு ஒன்று பெரிய கப்பலை மறிக்கும் காணொளியைப் பார்த்துவிட்டு, "இவங்கதான் திமிங்கலத்தைக் காப்பாத்துறவங்க" என்பது இன்னொன்று. அதே காணொளியைப் பார்த்து, "இதுவும் கடற்கொள்ளைதானே" என்பது மூன்றாவது.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன. கடலில் சட்டம் நிலத்தில் வேலை செய்வதுபோல வேலை செய்வதில்லை. இந்த ஒரு விஷயம் பிடிபடாததால்தான் இவ்வளவு குழப்பம். எனவே திமிங்கலத்தைப் பற்றிப் பேசும் முன் கடலைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம்.

வீடு, தோட்டம், பொட்டல்

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம். வீட்டைச் சுற்றிப் பெரிய தோட்டம். அதன் வழியாக யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம், ஆனால் மரத்தில் இருக்கும் காயைப் பறிக்க வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். தோட்டத்துக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பொட்டல். அது யாருக்கும் சொந்தமில்லை.

1982இல் உருவான ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம் கடலை ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் வீடு. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், ஆக இது சுமார் 22 கிலோமீட்டர். 200 கடல் மைல் வரை, அதாவது 370 கிலோமீட்டர் வரை, தோட்டம். இதற்குப் பிரத்யேகப் பொருளாதார மண்டலம் என்று பெயர். அங்கே எல்லா நாட்டுக் கப்பல்களும் போய்வரலாம், ஆனால் மீனுக்கும் எண்ணெய்க்கும் உரிமை கரை நாட்டுக்கு மட்டும்தான். அதற்கும் அப்பால் இருப்பது திறந்த கடல். உலகக் கடல் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பொட்டல்தான்.

சரி, பொட்டலில் ஒருவர் தப்புச் செய்தால் யார் பிடிப்பது? இங்கேதான் கொடி வருகிறது. ஒவ்வொரு கப்பலும் ஏதாவது ஒரு நாட்டில் பதிவாகி, அந்த நாட்டுக் கொடியோடு ஓடும். அந்த நாடுதான் அதன் கொடி நாடு. வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சாலையில் வெளியூர் வண்டியாக இருந்தாலும் அங்கே நிற்கும் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தலாம். திறந்த கடலில் நம்பர் பிளேட் கொடுத்த நாடு மட்டுமே நிறுத்தலாம், ஏறிச் சோதிக்கலாம், தண்டிக்கலாம். கடற்கொள்ளை, அடிமை வணிகம் போன்ற சில குற்றங்களுக்குத்தான் விதிவிலக்கு.

கொடி நாடு கண்டிப்பானதாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் எந்த நாட்டில் கேள்வி குறைவோ அங்கே போய்ப் பதிவு செய்துகொள்ளும் கப்பல்கள் ஏராளம். நெருக்கடி வந்தால் கொடியையே மாற்றிக்கொள்வார்கள். பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயர் எழுதிக்கொள்வார்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: திறந்த கடலுக்குப் பொதுவான போலீஸ் கிடையாது. அங்கே சட்டம் கப்பலின் கொடியோடு பயணம் செய்கிறது.

"தடை" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது

திமிங்கல வேட்டையை ஒழுங்குபடுத்த 1946இல் வாஷிங்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி அமைந்ததுதான் சர்வதேசத் திமிங்கல ஆணையம். திமிங்கலங்களைக் காத்து, அதன்மூலம் வேட்டைத் தொழிலை ஒழுங்காக வளர்ப்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் நோக்கம். தொழில் நிற்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

அந்த ஆணையம் கணக்குப் போட்ட விதத்தைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. அண்டார்டிக் கடலில் வேட்டைக்கான அளவை "நீலத் திமிங்கல அலகு" என்ற கணக்கில் வைத்தார்கள். ஒரு நீலத் திமிங்கலம் ஓர் அலகு. இரண்டு துடுப்புத் திமிங்கலம் ஓர் அலகு. கூன்முதுகுத் திமிங்கலம் என்றால் இரண்டரை, சேய் (Sei) என்ற இனத் திமிங்கலம் என்றால் ஆறு. எதில் எவ்வளவு எண்ணெய் வரும் என்பதுதான் அளவுகோல். எந்த இனத்தில் எத்தனை உயிர் மிச்சம் என்பது இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. ஒரே குண்டு செலவில் ஓர் அலகு முழுசாகக் கிடைக்கும் என்பதால், எல்லாரும் இருப்பதிலேயே பெரியதைத் தேடிப் போனார்கள். நீலம் அருகிப்போனதும் துடுப்பு, அதுவும் குறைந்ததும் சேய் என்று வரிசையாக இறங்கினார்கள். இந்தக் கணக்கு 1972 வரை நடந்தது. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் கிட்டத்தட்ட 29 லட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன.

இதையாவது ஒழுங்காகக் கணக்குக் காட்டினார்களா? சோவியத் ஒன்றியம் தென்கோளத்தில் 2,710 கூன்முதுகுத் திமிங்கலங்களைப் பிடித்ததாக ஆணையத்திடம் சொன்னது. உண்மையில் பிடித்தது 48,000க்கும் மேல். அந்த ஒன்றியம் கலைந்த பிறகு, அங்கிருந்த விஞ்ஞானிகளே உண்மையை வெளியிட்டதால்தான் உலகத்துக்கு இது தெரிந்தது. நடுக்கடலில் பார்க்க ஆள் இல்லை என்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கடைசியில் 1982இல் ஆணையம் வாக்கெடுத்து, வணிக வேட்டைக்கான அளவைப் பூஜ்யமாக்கியது. 1986 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நாம் "தடை" என்று சொல்வது இதைத்தான். ஆவணத்தில் அதற்கு மொரட்டோரியம் என்று பெயர், அதாவது தற்காலிக நிறுத்தம்.

அந்த நிறுத்தத்தில் மூன்று ஓட்டைகள் இருந்தன. முதலாவது, எந்த உறுப்பு நாடும் 90 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவித்தால் அந்த முடிவு அதைக் கட்டுப்படுத்தாது. நார்வே இப்படி ஆட்சேபம் தெரிவித்து, 1993 முதல் மறுபடி வேட்டையாடுகிறது. இரண்டாவது, "அறிவியல் ஆராய்ச்சிக்கு" என்று ஒரு நாடு தன் கப்பல்களுக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம். ஜப்பான் 1987 முதல் அண்டார்டிக் கடலுக்குக் கப்பல் அனுப்பியது இந்த வழியில்தான். மூன்றாவது, ஆணையத்தைவிட்டே வெளியேறிவிடலாம். 2019 ஜூன் 30 அன்று ஜப்பான் அதைச் செய்தது. மறுநாளே தன் சொந்தக் கடல் பகுதியில் வணிக வேட்டையை வெளிப்படையாகத் தொடங்கியது. ஐஸ்லாந்து 1992இல் வெளியேறி, 2002இல் நிபந்தனையோடு திரும்பி வந்தது, அது தனிக் கதை. அலாஸ்கா, கிரீன்லாந்து போன்ற இடங்களில் பழங்குடி மக்கள் தங்கள் உணவுக்காகப் பிடிப்பது இந்தத் தடைக்குள் வராது. அதை இதோடு போட்டுக் குழப்பக் கூடாது.

ஆக, தடை உண்டு. அதற்குக் கட்டுப்படச் சம்மதித்த நாடுகளுக்கு மட்டும் உண்டு. மீறுபவரைப் போய்ப் பிடிக்க ஆணையத்திடம் கப்பலும் இல்லை, காவலரும் இல்லை.

ஓர் ஈட்டியும் ஒரு கேமராவும்

இந்த வெற்றிடத்துக்குள்தான் ஆர்வலர்கள் படகோடு நுழைந்தார்கள். 1971இல் கனடாவின் வான்கூவரிலிருந்து ஒரு பழைய மீன்பிடிக் கப்பலில் சிலர் கிளம்பினார்கள். அமெரிக்கா அணுகுண்டுச் சோதனை நடத்தவிருந்த அம்சிட்கா தீவுக்குப் போய் நேரில் நிற்க வேண்டும் என்பது எண்ணம். அதுதான் கிரீன்பீஸ் இயக்கத்தின் தொடக்கம். "சாட்சியாக நிற்பது" என்பது அவர்கள் கையில் எடுத்த வழி. அநியாயம் நடக்கும் இடத்துக்கே போவது, கண்ணால் பார்ப்பது, பார்த்ததை எல்லாருக்கும் சொல்வது. கையில் ஆயுதம் கிடையாது.

1975 ஜூன் 27. கலிஃபோர்னியாவுக்கு அப்பால் திறந்த கடல். சோவியத் வேட்டைக் கப்பல் ஒன்று எண்ணெய்த் திமிங்கலக் கூட்டம் ஒன்றைத் துரத்துகிறது. நடுவில் ஒரு ரப்பர் படகு. அதில் ராபர்ட் ஹன்டர், பால் வாட்சன் என்ற இருவர்.

ஹார்ப்பூன் என்றதும் கையால் எறியும் ஈட்டியை நினைத்துவிடாதீர்கள். அது கப்பலின் முன்மூக்கில் பொருத்திய பீரங்கியிலிருந்து பாய்வது. நுனியில் வெடிகுண்டு, பின்னால் கனமான வடம். திமிங்கலம் மூச்சுவிட மேலே வரும் அந்தச் சில நொடிகள்தான் சுடுபவருக்குக் கிடைக்கும் நேரம். அந்த நொடியில் குறிக்கும் திமிங்கலத்துக்கும் நடுவே மனிதர்கள் இருந்தால் சுடமாட்டார் என்பது ஆர்வலர்களின் கணக்கு.

அன்று அந்தக் கணக்கு தப்பியது. ஹார்ப்பூன் அவர்கள் தலைக்கு மேலே பறந்து ஒரு பெண் திமிங்கலத்தின் உடம்பில் பாய்ந்து வெடித்தது. வடம் படகுக்குப் பக்கத்திலேயே தண்ணீரை அறைந்தது. திமிங்கலத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஓடி, உலகம் முழுக்கப் போனது. அதுவரை திமிங்கல வேட்டை என்றால் பழைய கதைகளில் வரும் சாகசம் என்று நினைத்திருந்த மக்கள், இரும்புக் கப்பல் ஒன்று மூச்சுவிட வந்த உயிரைப் பீரங்கியால் சுடுவதை முதல்முறையாகத் தங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். 1982 வாக்கெடுப்புக்கு இந்தக் காட்சி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். திமிங்கலங்கள் குறைந்துவருவதைக் காட்டிய விஞ்ஞானிகள், ஆணையத்தில் புதிதாகச் சேர்ந்த நாடுகள், அமெரிக்காவின் வர்த்தக மிரட்டல் எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது. ஆனால் அரசாங்கங்களின் காதில் விழுந்த மக்கள் குரலுக்கு இந்த மாதிரிக் காட்சிகள் பெரிய காரணம்.

சறுக்குப் பாதையை அடைப்பது

பார்த்துக்கொண்டு நின்றால் மட்டும் போதாது என்று நினைத்தவர்களும் உண்டு. பால் வாட்சன் 1977இல் கிரீன்பீஸைவிட்டு விலகி, பிறகு சீ ஷெப்பர்ட் என்று அறியப்பட்ட அமைப்பைத் தொடங்கினார். இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கிரீன்பீஸ் பிறர் உடைமைக்கும் சேதம் செய்யாமல் குறுக்கே நிற்கும். சீ ஷெப்பர்ட் வேட்டையைத் தடுக்க உடைமையைச் சேதப்படுத்தத் தயங்கியதில்லை. 1986இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் துறைமுகத்தில் நின்றிருந்த இரண்டு வேட்டைக் கப்பல்களை அவர்களின் ஆட்கள் மூழ்கடித்தார்கள்.

அண்டார்டிக் கடலில் அவர்கள் கண்டுபிடித்த முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் காணொளிகளில் புரியாமல் போவது இதுதான். ஜப்பானியக் கப்பற்கூட்டத்தில் சிறிய வேட்டைக் கப்பல்கள் பல, நிஷின் மாரு என்ற தொழிற்சாலைக் கப்பல் ஒன்று. சிறிய கப்பல் சுடும். செத்த திமிங்கலத்தைத் தொழிற்சாலைக் கப்பலின் பின்பக்கம் கொண்டுவரும். அங்கே கப்பலின் வால் பகுதியில் தண்ணீர் வரை சரிவாக இறங்கும் ஒரு சறுக்குப் பாதை இருக்கும். அதன் வழியாக உடலை மேலே இழுத்து, உள்ளேயே வெட்டி, உறையவைத்துவிடுவார்கள்.

ஒரு பெரிய கடைக்குச் சரக்கு இறக்க ஒரே ஒரு வாசல்தான் என்று வையுங்கள். அந்த வாசலில் ஒரு வண்டி நின்றுவிட்டால் எத்தனை லாரி வந்து என்ன பயன்? சீ ஷெப்பர்ட் கப்பல்கள் நிஷின் மாருவைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் சறுக்குப் பாதைக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓடின. ஏற்ற முடியாத திமிங்கலத்தைச் சுட்டு என்ன செய்வது? வேட்டை நின்றுபோகும். கோடைக்காலம் முடிந்தால் கடல் மூடிக்கொள்ளும், எனவே வீணாகும் ஒவ்வொரு நாளும் பிழைத்த திமிங்கலங்களின் கணக்கு. 2010-11 பருவத்தில் 850ஐ ஒட்டிய இலக்கோடு போன ஜப்பானியக் கப்பல்கள் பிப்ரவரியிலேயே பாதியில் திரும்பின. அந்த ஆண்டு அங்கே கொல்லப்பட்டவை 172.

ஆனால் படகால் தள்ளிப்போட முடியும், முடிவு கட்ட முடியாது. அதற்கு நாடுகள் வர வேண்டும். ஆஸ்திரேலியா 2010இல் ஜப்பானுக்கு எதிராக சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2014 மார்ச் 31 அன்று 12க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. 2005 முதல் சுமார் 3,600 மின்கி திமிங்கலங்களைக் கொன்ற திட்டத்திலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி மிகக் குறைவு, அந்த அனுமதிகள் அறிவியலுக்கானவை அல்ல என்றது நீதிமன்றம். ஜப்பான் ஒரு பருவம் நிறுத்திவிட்டு, ஆண்டுக்கு 333 என்ற புதுத் திட்டத்தோடு மறுபடி வந்தது. 2019இல் ஆணையத்தைவிட்டு வெளியேறியபோதுதான் அண்டார்டிக்கை அது கைவிட்டது.

சுருக்கமாக, மறிப்பது நேரம் வாங்கித் தருகிறது, காட்சி மக்களைத் திரட்டுகிறது, நீதிமன்றத்துக்கு ஒரு நாடு போக வேண்டியிருக்கிறது.

அப்படியானால் இது கடற்கொள்ளையா?

கடல் சட்ட ஒப்பந்தத்தின்படி, ஒரு கப்பலில் இருப்பவர்கள் திறந்த கடலில் இன்னொரு கப்பல்மீது "தனிப்பட்ட நோக்கத்துக்காக" வன்முறையில் இறங்கினால் அது கடற்கொள்ளை. சண்டை முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான். பணத்துக்காகச் செய்வது மட்டும்தான் தனிப்பட்ட நோக்கமா, அல்லது அரசாங்கத்தின் ஆணை இல்லாமல் செய்வதெல்லாம் அதில் அடக்கமா? 2013இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டு, சீ ஷெப்பர்டின் செயல்களைக் கடற்கொள்ளை என்றது.

அதே ஆண்டு நடந்தது இன்னொன்று. ரஷ்யாவின் பெச்சோரா கடலில் இருந்த எண்ணெய் மேடைக்கு எதிராகப் போராடப் போன கிரீன்பீஸ் கப்பல் ஆர்க்டிக் சன்ரைஸை ரஷ்யக் காவலர்கள் ஹெலிகாப்டரில் இறங்கிப் பிடித்தார்கள். கப்பலில் இருந்த 30 பேர்மீதும் கடற்கொள்ளை வழக்கு. பிறகு அதையே போக்கிரித்தனம் என்று மாற்றினார்கள். கப்பலின் கொடி நெதர்லாந்துக் கொடி. அதனால் நெதர்லாந்து அரசு கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. பிணைத்தொகை பெற்றுக்கொண்டு விடுவிக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டது. வேட்டைக்காரருக்குக் கேடயமாக இருக்கும் அதே கொடி விதி, இங்கே ஆர்வலர்களுக்குக் கேடயமானது.

என் கருத்தைக் கேட்டால், ஆளுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய எதையும் என்னால் ஏற்க முடியாது. ஓர் உயிருக்காகப் போராடப் போய் இன்னோர் உயிரைப் பணயம் வைப்பது எந்தப் பக்கத்திலிருந்து நடந்தாலும் தவறு. 1985இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் கிரீன்பீஸின் ரெயின்போ வாரியர் கப்பலுக்குப் பிரெஞ்சு உளவாளிகள் வெடிவைத்தபோது ஃபெர்னாண்டோ பெரேரா என்ற புகைப்படக்காரர் செத்துப்போனார். அதை நினைக்காமல் இந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் குறுக்கே நிற்பதையும், படம் எடுப்பதையும், பின்தொடர்வதையும் ஆயுதக் கொள்ளையோடு ஒரே தட்டில் வைப்பது சரியில்லை.

110 நாள் துரத்தல்

கொடி என்ற விஷயம் முழுசாகப் புரிய தண்டர் என்ற கப்பலின் கதை போதும். அண்டார்டிக் பகுதியில் டூத்ஃபிஷ் என்ற விலை உயர்ந்த மீனைத் திருட்டுத்தனமாகப் பிடித்துவந்த கப்பல் அது. பெயரும் கொடியும் பலமுறை மாறியது. இன்டர்போல் அறிவிப்பு இருந்தும் ஆண்டுக்கணக்கில் யார் கையிலும் சிக்கவில்லை.

2014 டிசம்பர் 17 அன்று சீ ஷெப்பர்டின் பாப் பார்க்கர் என்ற கப்பல் அதைக் கண்டுபிடித்தது. தண்டர் வலைகளைக் கடலிலேயே விட்டுவிட்டு ஓட, பாப் பார்க்கர் பின்னால் போனது. இன்னொரு கப்பலான சாம் சைமன் அங்கேயே நின்று அந்த வலைகளை இழுத்தது. அதன் கேப்டன் சித்தார்த் சக்ரவர்த்தி என்ற இந்தியர். மொத்தம் 72 கிலோமீட்டர் நீளச் செவுள் வலை. நுழையும் மீனின் செவுளில் கண்ணி மாட்டிக்கொள்ளும் வலை இது. அந்தக் கடலில் இதற்கு அனுமதியே கிடையாது. வலை அவர்களுக்குச் சாட்சியப் பொருள்.

பாப் பார்க்கர் ஏறிப் பிடிக்கவில்லை, மோதவில்லை, விடாமல் பின்னாலேயே போனது. தண்டரால் வலை போட முடியவில்லை, துறைமுகத்துக்கும் போக முடியவில்லை. அது எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு நாளும் உலகத்துக்குத் தெரிந்தது. துரத்தலின் நடுவிலேயே அதன் கொடி நாடான நைஜீரியா பதிவை நீக்கியது. நம்பர் பிளேட் பறிபோன வண்டியாக அது ஓடிக்கொண்டிருந்தது.

2015 ஏப்ரல் 6 அன்று, மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய சாவோ டோமே நாட்டுக் கடல் பகுதியில் தண்டர் மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த 40 பேரையும் துரத்திவந்தவர்களே மீட்டார்கள். கடலில் ஆபத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் காப்பாற்ற வேண்டும் என்பது மாலுமிகளின் விதி. மூழ்கும் கப்பலுக்குள் ஆர்வலர்கள் ஏறிப் பார்த்தபோது, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க மூடியிருக்க வேண்டிய கதவுகள் திறந்தபடி கட்டி வைக்கப்பட்டிருந்தன. கிடைத்த ஆவணங்களையும் படங்களையும் அவர்கள் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். மூழ்கியது ஒரு நாட்டின் "தோட்டத்துக்குள்" என்பதால், விசாரிக்க ஒரு நீதிமன்றம் இருந்தது. கேப்டனுக்கும் இரண்டு பொறியாளர்களுக்கும் சிறையும், 1.5 கோடி யூரோ அளவில் அபராதமும் கிடைத்தன.

வேட்டையைத் தாண்டிய ஆபத்துகள்

இன்று ஹார்ப்பூனைவிட அதிகத் திமிங்கலங்களையும் டால்பின்களையும் கொல்வது மீன்வலை. வேறு மீனுக்காகப் போட்ட வலையில் சிக்கி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேல் சாகின்றன என்பது மதிப்பீடு. அப்புறம் கப்பல் மோதல். வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் 400க்கும் குறைவாகத்தான் மிச்சம். அதற்கு வலைக் கயிறும் கப்பலின் முன்மூக்கும்தான் எமன். 2007இல் பாஸ்டன் துறைமுகத்துக்கான கப்பல் பாதையைத் திமிங்கலங்கள் குறைவாக இருக்கும் பக்கம் நகர்த்தினார்கள். அது யாரையும் மறிக்காமல் நடந்த, நல்ல பலன் தரும் வேலை.

திறந்த கடலுக்கே ஒரு புது ஒப்பந்தமும் வந்திருக்கிறது. 2023 ஜூனில் ஐ.நா.வில் ஏற்கப்பட்டு, 2025 செப்டம்பரில் 60 நாடுகளின் ஒப்புதலை எட்டி, 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வரும்படி ஆனது. பொட்டலிலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளை அறிவிக்க இது வழி செய்கிறது. ஆனால் அங்கே ஓடும் கப்பலை நிறுத்தும் அதிகாரம் இன்னமும் கொடி நாட்டிடம்தான்.

அதனால் கரையோரத்தில் வேறொரு முறை வளர்ந்துவருகிறது. 2016இல் காபோன், 2017இல் லைபீரியா என்று மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகளோடு சீ ஷெப்பர்ட் கைகோத்தது. கப்பல், எரிபொருள், மாலுமிகள் எல்லாம் அமைப்பின் பொறுப்பு. அந்த நாட்டின் அதிகாரிகளும் காவலர்களும் அதே கப்பலில் ஏறி ரோந்து போகிறார்கள். திருட்டு மீன்பிடிக் கப்பல் கண்ணில் பட்டதும், முதலில் அதன் தளத்தில் கால் வைப்பது அந்த நாட்டு அதிகாரிதான். சோதிக்கவும் கைது செய்யவும் சட்டம் அவருக்குத்தான் அதிகாரம் கொடுக்கிறது. ஆர்வலர்கள் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்.